மாசி போடாத சம்பல்

ஒக்டோபர் 20, திங்கள்

வாடைக் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் கிடந்த துணி ஒன்றும் காயவில்லை. கடல் இரைச்சல் இன்று வீட்டுக்குள் இருந்தே கேட்கிறது.

பாடசாலை பாதி நாளோடு முடிந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. அதிபர் மணி அடிக்கச் சொன்னார், அடித்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள். தெற்கே போகும் பஸ் இல்லை. தமிழ் ஊர்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் வீதியில் டயர் எரிகிறதாம். சந்தைக்குப் போனவர்கள் வெறும் பையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

சிவமலர் டீச்சர் மட்டும் ஆசிரியர் அறையில், பையை மடியில் வைத்துக்கொண்டு. தெற்கே தம்பிலுவில் என்ற தமிழ் ஊர்ப் பிள்ளை. எங்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறாள், வாரநாளில் டவுனில் ஒரு தமிழ் வீட்டில் அறை. அந்த வீட்டுக்காரர் விடியவே கதவைப் பூட்டிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார்களாம். இவளுக்கு ஒரு சொல் இல்லை.

"வா, எங்கட வீட்ட போவம். நாளைக்கி பஸ் ஓடும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. சேலைத் தலைப்பைத் தலையில் போடச் சொன்னேன், போட்டாள். ஒழுங்கையால் வந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

(இனி சி. என்று மட்டும் எழுதுவேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.)

வந்து சேர்ந்த பிறகுதான் ஞாபகம்: அவள் மச்சம் தொடமாட்டாள். பிறந்ததிலிருந்து சைவம் என்று இல்லை. ஆவணியில் அவளுடைய தம்பியை ஆமிக்காரர் ஒரு சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று இன்றுவரை பதில் இல்லை. அன்றைக்கே திருக்கோவில் முருகனுக்கு நேர்ந்துவிட்டாள். தம்பி வீட்டு வாசலில் கால் வைக்கும்வரை மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை, கருவாடு, மாசி மீன் இடித்த தூள் எதுவும் இல்லை. ஒரு துணுக்கு நாக்கில் பட்டாலும் அவன் உயிருக்கு ஆகாது என்று நம்புகிறாள். ஒருநாள் இடைவேளையில் யாரோ தெரியாமல் மீன் பணிஸ் நீட்டியபோது அவள் ஓடிப்போய்க் கை கழுவியதை நான் கண்டேன். அதற்குப் பிறகு அவளை நான் கேலி செய்வதில்லை.

இரவுக்குப் பருப்பு, சோறு, அப்பளம். பர்வின் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். என் மகளுக்கு ஏழு வயதாகியும் மீன் முள் நான்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். பருப்பில் முள் இல்லை. எனக்கும் நிம்மதி.

21, செவ்வாய்

பாடசாலை இல்லை. பஸ் இல்லை. வானம் மப்பு.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று கூடப்பிறந்த என் ராத்தா ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். பொய். காலையில் தெரியும், பகலில் தெரியும். பின்னேரம் அஸர் தொழுது பாயைச் சுருட்டினால் மறந்துபோகும். அவர், பர்வினின் வாப்பா, ஜித்தாவுக்கு வேலைக்குப் போன பிறகு இன்னும் மோசம். ஒரு பொம்பிளையும் ஒரு சின்னப் பிள்ளையும் தின்ன, மீனை உரசி, வெட்டி, கழுவி, பிறகு கையைப் புளி போட்டுத் தேய்த்து... யாருக்காக.

சி. பின்னேரச் சமையலைப் பாடம் போலச் சொல்லித்தருகிறாள். இந்த ஒரு விஷயத்தில் நான் நல்ல மாணவி. எழுதி வைக்கிறேன்:

பூசணி, தோலோடு. பச்சை மிளகாய், உப்பு, கடைசியில் தேங்காய்ப் பால், அரைத்த கடுகு கொஞ்சம். ஒரே சட்டி.

பயறு அவியல், தேங்காய்ப்பூ, சீனி. சட்டி கூடக் கறுக்காது.

மரவள்ளிக் கிழங்கு, பச்சை மிளகாய்ச் சம்பல்.

முட்டித் தயிர், சோறு, கதலிப்பழம். இதில் அடுப்பே இல்லை. என் சமையல் இதுதான்.

முருங்கை இலைச் சுண்டல், கூனி இறால் போடாமல். கூனி போடாத முருங்கை இலை எங்கள் தெருவில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

மீன்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார். வேண்டாம் என்றேன்.

"என்ன டீச்சர், நேத்தும் எடுக்கல்ல. கடல் குழம்பிக் கிடக்கு, இனி மீன் வெல ஏறும்."

"சொகமில்ல" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் உம்மா ஒரே வளவில் ராத்தாவுக்கும் எனக்கும் வீடு கட்டித் தந்து, நடுவில் ஒரு கிடுகு வேலி வைத்தா. அந்த வேலிக்கு மேலால் ராத்தா கேட்டாள், வந்திருப்பது யார் என்று.

"அவர்ட சாச்சாட மகள். அக்கரைப்பத்து. பேர் சித்தி."

ராத்தா சி.யைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மெலிஞ்ச புள்ள" என்றாள். அவ்வளவுதான். ராத்தாவுக்குப் பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை, ஆனால் இன்றைக்கு வேலிக் கிடுகைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

22, புதன்

விடிந்ததிலிருந்து ஆமியின் ஹெலிகொப்டர். தாழப் பறந்து, கடற்கரையோடு போய், திரும்பி வந்து. கோழிகள் கூட்டை விட்டு இறங்கவில்லை.

மூலை வீட்டுச் சுபைதா மாமியின் மகன் லொறியில் போனவன். வழியில் மறித்து அடித்துப் போட்டிருக்கிறார்கள். அம்பாறை ஆஸ்பத்திரியில். ஒரு கண் தப்பாது என்கிறார்கள். அடித்தது யார் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். நாலு பேரும் கடைசியில் ஒரே ஆட்களைத்தான், தமிழ் ஆட்களைத்தான், சொல்கிறார்கள்.

மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை, ராவையில் தெருவில் காவலுக்குப் போகிறார். வாயில்லாத மனிதர். அவர் கையில் பொல்லைக் கண்டது இதுதான் முதல்.

பின்னேரம் கிணற்றடியில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கத்தில், தெருவில், இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போனார்கள்.

"ஊருக்குள்ள ஆரும் அவங்கட ஆக்கள வச்சிருந்தா வெளிய விடச் சொல்லு."

"வச்சிருக்கிற வீட்டையும் சேத்துத்தான் பாக்கணும்."

குரல் அடையாளம் தெரிந்தது. ஒருவன் என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்தவன். எழுத்துக் கூட்டத் தெரியாமல் அழுவான்.

வாளியை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பயம் என்றே எழுதுகிறேன், வேறு சொல் தேடவில்லை. எனக்காகக் கொஞ்சம், பர்வினுக்காக மிச்சம் எல்லாம். அவள் சி.யை "டீச்சர்" என்று கூப்பிடாமல் இருக்கக் காலையிலிருந்து பழக்கிக்கொண்டிருக்கிறேன். "சித்தி மாமி" என்கிறாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். விளையாட்டு என்று நினைக்கிறாள்.

மீன் வாங்கினேன். படலையில் நின்று, தெரு முழுக்கப் பார்க்க, பேரம் பேசி. இனித் தினமும் வாங்கவேண்டும். எங்களுக்கு ஒரு சட்டி, அவளுக்கு ஒரு சட்டி. அவளுடைய அகப்பை வேறு, கத்தி வேறு, அம்மியைக் கூடத் திரும்பக் கழுவினாள். லேசான சமையல் என்று இரண்டு நாள் சந்தோஷப்பட்டதற்கு இப்போது இரட்டை வேலை.

"எனக்கு வெறுஞ் சோறு காணுமக்கா" என்கிறாள். வெறுஞ் சோறு கொடுக்க மனம் வருகிறதா.

23, வியாழன்

கரண்ட் இல்லை. மத்தியானத்திலிருந்து தலையிடி. மழை வரும்போல, வரவில்லை.

இன்றைக்கு இரண்டு சட்டி முடியாது. மண்ணெண்ணெய் அடுப்பில் ரொட்டி சுட்டேன், சி. தேங்காய்ச் சம்பல் இடித்தாள். எல்லோருக்கும் ஒன்றுதான். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி. பர்வின் உறைப்பு என்று சொல்லிச் சொல்லியே தின்றாள். விளக்கைச் சுற்றி மூன்று பேரும் இருந்து சாப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. சி. தம்பியைப் பற்றிக் கதைத்தாள். ரொட்டியின் கருகிய ஓரத்தைத்தான் அவன் முதலில் பிய்ப்பானாம். சொல்லிவிட்டுத் தன் ரொட்டியின் கருகிய ஓரத்தைப் பிய்த்துப் பர்வினுக்குக் கொடுத்தாள்.

மகரிபுக்கு முன் ராத்தா வேலியால் பாரை மீன் ஆணம் அனுப்பியிருந்தாள். நான் மட்டும் கொஞ்சம் தொட்டுக்கொண்டேன். கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை. கழுவி, சம்பலை நிறைத்து, வேலியால் கொடுத்துவிட்டுப் படுத்தேன். இதை எழுதும்போதும் தலை விண்விண் என்கிறது.

24, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஆண்கள் நெடுநேரம் கலையவில்லை. பள்ளிவாசலுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். பெரியவர்கள் அமைதியாக இருக்கச் சொன்னார்களாம். கேட்டவர்கள் கேட்டிருப்பார்கள்.

ராத்தா வந்தாள். வேலியால் இல்லை, வாசலால். கையில் நான் அனுப்பிய கோப்பை. சி. உள்ளறையில் பர்வினுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"சம்பலுக்கு மாசி போடல்லியா நீ?"

"முடிஞ்சி போச்சு."

"முடிஞ்சா வேலியால கேப்பாய். உப்பு, புளி, மாசி எல்லாம் என்னட்டக் கேட்டுத்தானே நீ குடும்பம் நடத்துறாய்."

எங்கள் ஊரில் ஏழை வீட்டுச் சம்பலிலும் ஒரு சிட்டிகை மாசி இருக்கும். அது இல்லாத சம்பலைச் சைவம் பிடிக்கும் தமிழ் வீட்டில்தான் இடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாசலில் ஒட்டிய மாதிரி அனுப்பியிருக்கிறேன்.

"நான் ஒண்டும் கேக்கல்ல" என்றாள் ராத்தா. "நீ சொல்லவும் வேணாம். சொன்னா நானும் பொய் சொல்லவேண்டி வரும். ஆனா ராவு சுபைதா மாமி எங்கட வீட்டதான் சாப்பிட்டா. தனிய இருக்கிறா எண்டு நான்தான் கூட்டிவந்தன். ஒரு வாய் வச்சா. இது ஆர்ட வீட்டுச் சம்பல் எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"உன்ட வீட்டுச் சம்பல் எண்டு. வேற என்னத்தச் சொல்ல."

"பொறகு?"

"பொறகு ஒண்டும் கேக்கல்ல. முழுக்கத் திண்டா."

அதுதான் எனக்குப் பயம். கேட்டுச் சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லலாம்.

போகும்போது ராத்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மச்சானுக்குத் தெரிந்த ஒருவரின் உழவு மெசின் திங்கள் விடிய வயலுக்குப் போகிறது. விதைநெல் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் இருக்கலாம். வயல் வழியாகச் சொறிக்கல்முனையில் இறக்கிவிடுவார்கள். அங்கே தமிழ் ஆட்கள், பிறகு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்லாமலே மச்சான் எல்லாம் செய்து முடித்திருக்கிறார். வாயில்லாத மனிதர் என்று மேலே எழுதினேன். அவருக்கு வாய் தேவையில்லை.

சி.யிடம் சொன்னேன். தலையாட்டினாள். "திங்கள் வரைக்கும் நான் அறைக்குள்ளயே இருக்கிறன்" என்றாள்.

மாசி இடித்துச் சம்பல் செய்து, ராத்தா வீட்டுக்கும் மூலை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். பிந்திப்போன புத்தி.

25, சனி

அஸருக்குப் பிறகு சுபைதா மாமி வந்தா. ராத்தா அவவுக்குப் பின்னால், முகம் வெளிறி. மாமியின் கையில் மூடிய சட்டி. விளைமீன் ஆணம். வாசனை எனக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது.

பாயில் இருந்தா. "மகனுக்கு நேத்தும் ஆஸ்பத்திரியில வெட்டினாங்களாம். கண் இல்ல" என்றா. அழவில்லை. "வீட்ட தனிய இருந்து திங்க ஏலாமக் கிடக்கு மகள். தொண்டைக்கால இறங்குதில்ல. உங்களோட சேந்து திம்பம் எண்டு வந்தன். சகன எடு. அக்கரைப்பத்துப் புள்ளயும் வரட்டும்."

"அவவுக்கு வயித்துக் குத்து மாமி. காலையில இருந்து படுத்த படுக்கை."

"அப்ப ஒரு துண்டு திங்கட்டும். நான் ஆக்கினது ஆருக்கும் வயித்துக் குத்து தந்ததில்ல."

சி. தானே வெளியே வந்தாள். முக்காடு நெற்றிவரை. நான் சகனில், எல்லோரும் சேர்ந்து தின்னும் பெரிய தட்டில், சோற்றைக் கொட்டினேன். சுற்றி இருந்தோம்: மாமி, ராத்தா, நான், சி. பர்வின் என் முதுகில் சாய்ந்துகொண்டு. தெருவில் இளம்பொடியன்கள் நின்றார்கள், வழக்கம்போல நிற்கிறார்களா, மாமியோடு வந்தார்களா, தெரியவில்லை. படலை திறந்தே கிடந்தது.

மாமி ஆணத்தைச் சோற்றில் ஊற்றினா. ஒரு நடுத்துண்டை எடுத்தா. முள்ளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தா, குழந்தைக்கு எடுக்கிற மாதிரி. சதையைச் சி.யின் பக்கத்தில் வைத்தா.

"தின்னு புள்ள."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இப்போதும் தெரியாது. சி. என்னைப் பார்க்கவில்லை. பர்வினைப் பார்த்தாள். திறந்த படலையைப் பார்த்தாள். பிறகு "பிஸ்மில்லாஹ்" என்றாள், பர்வின் சொல்வது போலவே, முதல் எழுத்தை அழுத்தி. மீனைச் சோற்றோடு பிசைந்தாள். வாயில் வைத்தாள். மென்றாள்.

விழுங்கினாள்.

கண்ணால் தண்ணீர் வழிந்தது. முகம் அசையவில்லை, தண்ணீர் மட்டும்.

"உறைப்பா புள்ள?"

"ஓம் மாமி. உறைப்பு."

மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு இன்னொரு துண்டில் முள் எடுத்தா. சி. அதையும் தின்றாள். மாமியும் தின்றா, நிறையத் தின்றா, பசித்திருந்தவ போல. நானும் ராத்தாவும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

கை கழுவும்போது மாமி சொன்னா, "உப்பு கொஞ்சம் காணாது." படலையைத் தானே சாத்திவிட்டுப் போனா. தெருவில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னா. அவர்கள் போனார்கள். நம்பினாவா, நம்பியது போல நடந்தாவா, தெரியாது. இரக்கமா என்றும் தெரியாது. அவர்கள் போனார்கள் என்பது மட்டும் தெரியும்.

சி. கிணற்றடியில். வாய் கொப்புளித்துக்கொண்டே இருந்தாள்.

"விரல விட்டுச் சத்தி எடு புள்ள. வேற வழி இல்லாமத்தானே, ஏலாமத்தானே. உங்கட கடவுளுக்கு அது வெளங்காதா."

"உள்ள போனது போனதுதான் அக்கா. தம்பிக்கு வச்ச நேத்தி முறிஞ்சி போச்சு."

என்னால் தாங்க முடியவில்லை. சுபைதா மாமியை மனத்துக்குள் திட்டத் தொடங்கினேன். கண் போன மகனின் ஞாபகம் வந்து பாதியில் நின்றுவிட்டது. யாரைத் திட்டுவது. என் தலையிடியையா, ஒரு சட்டியோடு முடிக்கப் பார்த்த என் சோம்பலையா. அந்தச் சம்பலுக்கு ஒரு சிட்டிகை மாசி தூவி அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. நான் தொழுதேன். அவளுடைய தம்பிக்காகத் துஆ கேட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை, அவர் ஜித்தாவுக்கு விமானம் ஏறிய அன்றைக்குக் கூட.

26, ஞாயிறு

மழை. விடிய விடியக் கொட்டி, இப்போது தூறல். ஹெலி வரவில்லை. அந்த அமைதியும் நல்லதாகத் தெரியவில்லை.

மச்சான் வேலியால் சொன்னார்: மெசின் நாளைக்குக் கட்டாயம். சுபஹ் தொழுகையோடு தயாராக இருக்கட்டும். பழைய சேலை, கையில் ஒன்றும் வேண்டாம்.

சி. இரவு படுத்தாளா தெரியாது. விடிய எழும்பிப் பார்த்தேன், வீடு முழுக்கக் கூட்டியிருந்தது. தன் சேலை ஒன்றைத் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறாள், பர்வினுக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். பர்வினுக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. காலையில் தேத்தண்ணி மட்டும் குடித்தாள், மத்தியானம் அதுவும் இல்லை.

ராத்தா கதவடியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. சி.யைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்குள் இருந்து மூக்குச் சிந்தும் சத்தம்.

பின்னேரம் அடுப்படிக்குப் போனேன். வழிப் பயணத்துக்கு முந்திய இரவு, வயிறு நிறைய ஏதாவது கொடுக்கவேண்டும். பூசணிக்காய் ஒன்று கிடந்தது, கத்தரிக்காய் கொஞ்சம். இன்றைக்கு எத்தனை சட்டி என்றாலும் சமைப்பது என்றுதான் போனேன்.

சி. அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். சாம்பலை எல்லாம் அள்ளி, அடுப்புக் கல்லைத் துடைத்து வைத்திருந்தாள்.

"எழும்பு புள்ள, நான் மூட்டுறன்."

"இண்டைக்கு மூட்ட வேணாமக்கா."

"எனக்குத்தான் சமைக்கப் பஞ்சி எண்டா, உனக்குமா" என்று சிரிக்கப் பார்த்தேன்.

அவள் என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"செத்த வீட்டில அடுப்பு மூட்டுறல்லத்தானே."

எங்கள் பக்கமும் அப்படித்தான். நான் மூட்டவில்லை.